சுவரில் இல்லாத மைக்கறை

ஜெர்மனியின் வார்ட்பர்க் கோட்டைக்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் விருப்பத்துக்கு ஏற்ப வர்ணம் பூசியிருக்கிறது. அங்கே நடந்த மிகப் பெரிய காரியம் மட்டும் சுவரில் எந்த அடையாளத்தையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அந்த அறைக்குள் நுழைகிறவர்களின் கண்கள் முதலில் தேடுவது சுவரைத்தான். சிறிய அறை. சுவர்களில் மரப்பலகைகள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, குளிர் காய ஓடு பதித்த ஒரு கணப்பு. கணப்புக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து கிடக்கிறது. ‘கறை எங்கே?’ என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

கறை இல்லை. ஜெர்மனியின் நடுவே, துரிங்கியா மாநிலத்தில், ஐசனாக் என்ற ஊரின் தலைக்கு மேலே நிற்கும் வார்ட்பர்க் கோட்டையின் மிகப் பிரபலமான அம்சம், அங்கே இல்லாத அந்த மைக்கறைதான். 1521-ல் மார்ட்டின் லூதர் இந்த அறையில் ஒளிந்திருந்தார். பைபிளை ஜெர்மன் மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தபோது சாத்தான் வந்து தொந்தரவு செய்ய, மைக்கூட்டை எடுத்து அவன்மீது வீசினார். குறி தப்பியது. மை சுவரில் தெறித்தது. இதுதான் கதை.

லூதர் இப்படி ஏதும் எழுதிவைக்கவில்லை. கதை அவருடைய காலத்துக்குப் பிறகு பிறந்தது. கதை பிறந்ததும் கறையும் பிறந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு துளி சுரண்டிக்கொண்டு போனார்கள். கறை தேயத் தேயக் காவலர்கள் புது மை பூசினார்கள். மறுபடி சுரண்டினார்கள், மறுபடி பூசினார்கள். கடைசியில் பூசுவது நின்றது. சுரண்டிய பள்ளம்தான் மிச்சம். அறையிலிருந்த பழைய மேஜைக்கும் இதே கதி. பக்தர்களும் பயணிகளும் சில்லுச் சில்லாகச் செதுக்கி எடுத்துக்கொண்டதால் அது அழிந்தே போனது. இப்போது இருப்பது பின்னால் கொண்டுவந்து வைத்தது.

வார்ட்பர்க்கின் 900 ஆண்டுக் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். பூசுவது, சுரண்டுவது, மறுபடி பூசுவது.

கூடையில் வந்த மண்

கோட்டையின் தொடக்கமே ஒரு தந்திரம்தான் என்கிறது பழங்கதை. 1067-ல் லுட்விக் என்ற பிரபு வேட்டைக்கு வந்தார். இந்தக் குன்றைப் பார்த்ததும் இங்கே ஒரு கோட்டை கட்டியே தீருவது என்று முடிவு செய்தார். குன்று அவருடையது அல்ல என்பது ஒரு சிறிய இடைஞ்சல். தன் சொந்த நிலத்து மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து குன்றின் உச்சியில் கொட்டினார். வழக்கு வந்தது. லுட்விக்கின் 12 வீரர்கள் அந்த மண்ணில் வாளை ஊன்றி, ‘எங்கள் பிரபுவுக்குச் சொந்தமான மண்ணில்தான் நிற்கிறோம்’ என்று சத்தியம் செய்தார்கள். பொய் என்று எப்படிச் சொல்வது?

ஏட்டில் இந்தக் கோட்டை முதன்முதலாகத் தலைகாட்டுவது 1080-ல், ஒரு போரைப் பற்றிய குறிப்பில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில், மூன்று பக்கமும் காடு சூழ்ந்த பாறை முதுகில் அது நீண்டு படுத்திருக்கிறது. எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும். ‘வார்ட்’ என்றால் காவல் இருத்தல். இடத்துக்குப் பொருத்தமான பெயர்.

இன்று வருகிறவர்களுக்கு ஏற்றம் அவ்வளவு கடினமில்லை. பிராங்க்பர்ட்டிலிருந்து கிழக்கே போகும் அதிவேக ரயில்கள் ஐசனாக்கில் நிற்கின்றன. பயணம் இரண்டு மணி நேரத்துக்குள்தான். ஊரில் இறங்கியதும் மேலே பார்த்தால் கோட்டை தெரிகிறது. பஸ்ஸும் காரும் ஒரு தூரம் வரைதான். கடைசி ஏற்றத்தை நடந்தே கடக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாகக் குழந்தைகளைக் கழுதைமீது ஏற்றிக்கொண்டு போன பாதை இது. நேரம் இருப்பவர்கள் ஊரிலிருந்தே காட்டு வழியாக நடக்கிறார்கள். மூச்சு வாங்கினாலும், மரங்களுக்கிடையே மதில் மெல்ல மெல்லத் தெரிந்து வருவதைப் பார்க்க அதுதான் சரியான வழி.

மரப்பாலம் கடந்து நுழைவாயிலில் புகுந்தால் முதல் முற்றம். மரச்சட்டங்களுக்கு நடுவே காரை பூசிய குட்டைக் கட்டடங்கள், மதிலோரமாகக் கூரை வேய்ந்த நடைபாதை. அடுத்த முற்றத்தில் கண்ணை நிறுத்துவது ‘பலாஸ்’ எனப்படும் அரண்மனைக் கட்டடம். 12-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எழுந்த மூன்று மாடிக் கட்டடம் இது. வரிசை வரிசையாக அரைவட்ட வளைவுகள், நடுவே மெல்லிய தூண்கள். தூண்களின் தலைப்பில் இலைகளும் பறவைகளும் மிருகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே அந்தக் காலத்து அரண்மனைகளில் இவ்வளவு நன்றாகப் பிழைத்திருப்பது வேறில்லை என்று கட்டடக்கலை வல்லுநர்கள் கருதுகிறார்கள். கோட்டை என்றாலே குண்டு துளைத்த மதில் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது வியப்பு. இதைக் கட்டியவர்களுக்குப் பாதுகாப்பு மட்டுமல்ல, பகட்டும் தேவைப்பட்டது.

நாலு வயது மருமகள்

அந்தப் பகட்டின் உச்சம், 1190 முதல் 1217 வரை ஆண்ட ஹெர்மன் காலம். பாடகர்களுக்கும் கவிஞர்களுக்கும் அவருடைய கதவு எப்போதும் திறந்திருந்தது. ஜெர்மன் இடைக்காலக் கவிதையின் இரு சிகரங்களான வால்தர் ஃபான் டெர் ஃபோகல்வைடும் வோல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக்கும் அவருடைய ஆதரவில் இருந்தவர்கள். இந்த உண்மையின் மேல் ஒரு கதை ஏறி உட்கார்ந்தது. 1206-ல் கோட்டையில் ஒரு பாட்டுப் போட்டி நடந்ததாம். யார் பிரபுவை நன்றாகப் புகழ்கிறார் என்பதுதான் பந்தயம். தோற்றவனுக்குத் தூக்கு. போட்டி நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தக் கதைதான் 1845-ல் ரிச்சர்ட் வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ ஓபராவாகி உலகம் சுற்றியது.

அதே ஆண்டுகளில் கோட்டைக்குள் நடந்த உண்மைக் கதை ஒன்று எந்த ஓபராவையும் மிஞ்சும். 1211-ல் ஹங்கேரி மன்னரின் மகள் எலிசபெத் இங்கே கொண்டுவரப்பட்டாள். வயது நாலு. ஹெர்மனின் மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட குழந்தை மருமகள். 14 வயதில் லுட்விக்குடன் திருமணம். அரசியல் கணக்குப் போட்டு நடந்த இந்தத் திருமணத்தில் கணவனும் மனைவியும் உண்மையிலேயே ஒருவரையொருவர் நேசித்தார்கள் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன.

ஆனால் அரண்மனையின் மூத்தவர்களுக்கு மருமகளின் போக்கு பிடிக்கவில்லை. குடிகளிடமிருந்து அநியாயமாகப் பறித்த பண்டமாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் விருந்தில் அதைத் தொட மறுத்தார். 1226-ல் கடும் பஞ்சம் வந்தபோது, கணவர் ஊரில் இல்லாத நேரத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். கோட்டைக்குக் கீழே ஒரு மருத்துவமனை ஏற்படுத்தி நோயாளிகளைத் தன் கையாலேயே கவனித்தார். அடுத்த ஆண்டு சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கணவர் இத்தாலியின் துறைமுகத்திலேயே காய்ச்சலில் இறந்தார். இருபது வயது விதவை கோட்டையை விட்டு வெளியேறினார். மைத்துனர் துரத்தினாரா, தானாகவே போனாரா என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மார்பர்க்கில் இன்னொரு மருத்துவமனை கட்டி, அங்கேயே உழைத்து, 1231-ல் 24 வயதில் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1235-ல், திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

மக்கள் நினைவில் தங்கியது வேறு. ஏழைகளுக்கு ரொட்டி கொண்டுபோனவரை வழிமறித்துக் கூடையைத் திறக்கச் சொன்னபோது, உள்ளே ரோஜாக்கள் இருந்தனவாம். பலாஸின் நடைக்கூடத்தில் இந்த அற்புதத்தை மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் 1850-களில் சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார். கீழே ‘எலிசபெத்தின் அறை’ என்று காட்டப்படும் இடம் கண்ணைப் பறிக்கிறது. தரைக்கு மேலே சுவரும் விதானமும் முழுக்கத் தங்க மொசைக். பயணிகள் அதிகம் படம் எடுக்கும் இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மொசைக் 1902-க்கும் 1906-க்கும் இடையே கெய்சர் இரண்டாம் வில்ஹெல்மின் செலவில் பதிக்கப்பட்டது. சந்தேகத்துக்குரிய சோற்றைத் தொடாத பெண்ணுக்குச் சக்கரவர்த்தி தங்கத்தில் அறை கட்டினார்.

பத்து மாதத் தலைமறைவு

1521 மே 4. வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னால் தன் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்துவிட்டு, ஊர் திரும்பிக்கொண்டிருந்தார் மார்ட்டின் லூதர். போப்பாண்டவர் அவரைத் திருச்சபையிலிருந்து ஏற்கனவே விலக்கியிருந்தார். பேரரசின் தண்டனையும் தயாராகிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் அவரைப் பிடிக்கலாம், அடைக்கலம் தருவது குற்றம் என்று அதற்கு அர்த்தம். காட்டு வழியில் ஆயுதம் தாங்கிய குதிரை வீரர்கள் வண்டியை மறித்தார்கள். லூதரை இழுத்துக்கொண்டு மறைந்தார்கள். அவர் கொல்லப்பட்டார் என்றே பலர் நம்பினார்கள்.

கடத்தல் ஒரு நாடகம். ஏற்பாடு செய்தவர் சாக்சனியின் ஆட்சியாளர் ஃபிரெடரிக். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேரில் ஒருவர். அன்று இரவே லூதர் வார்ட்பர்க்குக்குள் வந்து சேர்ந்தார். துறவியின் அங்கியைக் களைந்தார். தலைமுடியும் தாடியும் வளர்ந்தன. இடுப்பில் வாள் தொங்கியது. அவர் இனி ‘வீரர் ஜார்ஜ்’.

37 வயதுக்காரருக்கு அது சுகமான காலமாக இல்லை. கடிதங்களில் தனிமையைப் பற்றிப் புலம்பினார். மலச்சிக்கல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதையும் நண்பர்களுக்கு ஒளிக்காமல் எழுதினார். ஒருமுறை வேட்டைக்கு அழைத்துப் போனார்கள். உயிருடன் அகப்பட்ட ஒரு முயல்குட்டியைக் காப்பாற்ற, தன் சட்டைக் கைக்குள் சுருட்டி வைத்தார். நாய்கள் துணியோடு சேர்த்துக் கடித்து அதைக் கொன்றன. வேட்டை நாய்களில் சாத்தானையும் போப்பாண்டவரையும் கண்டதாக அவர் எழுதினார். இரவில் யாரோ கொட்டைகளைக் கூரையில் எறிவதுபோலச் சத்தம் கேட்டது என்று பிற்காலத்தில் நண்பர்களிடம் சொன்னார். மைக்கூட்டுக் கதைக்கு விதை இப்படிப்பட்ட பேச்சுகளில் இருந்திருக்கலாம்.

டிசம்பரில் ரகசியமாக விட்டன்பர்க் போய் வந்தபின் அந்த வேலையை எடுத்தார். எராஸ்மஸ் பதிப்பித்திருந்த கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 11 வாரங்களில், புதிய ஏற்பாடு முழுவதையும் ஜெர்மனில் பெயர்த்து முடித்தார்.

ஜெர்மனில் பைபிள் வந்தது அதுதான் முதல் முறை என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1466 முதலே அச்சில் ஜெர்மன் பைபிள்கள் இருந்தன. லூதருக்கு முன் 18 பதிப்புகள். ஆனால் அவையெல்லாம் லத்தீனிலிருந்து பெயர்க்கப்பட்டவை. வார்த்தைக்கு வார்த்தை வைத்த முரட்டு நடை. பக்கத்தில் லத்தீன் இருந்தால்தான் ஜெர்மன் புரியும் என்ற நிலை. லூதர் கேட்ட கேள்வி வேறு: இதை ஒரு ஜெர்மன்காரன் எப்படிச் சொல்வான்? வீட்டில் இருக்கும் தாயிடமும், தெருவில் விளையாடும் பிள்ளைகளிடமும், சந்தையில் நிற்கும் சாதாரண மனிதனிடமும் மொழியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று பின்னாளில் தன் முறையை விளக்கினார். வட்டாரத்துக்கு வட்டாரம் மாறிய பேச்சுகளுக்கு நடுவே, பல பகுதிகளிலும் புரிந்த சாக்சனி அரசு அலுவலக மொழியின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு, அதற்குத் தெருவின் ரத்தத்தை ஏற்றினார்.

1522 மார்ச் 1-ல் பாதுகாப்பையும் மீறிக் கோட்டையை விட்டுக் கிளம்பினார். விட்டன்பர்க்கில் மெலாங்தனுடன் சேர்ந்து திருத்தி முடித்த நூல் செப்டம்பரில் வெளியானது. சுமார் 3,000 பிரதிகள். டிசம்பரிலேயே அடுத்த பதிப்பு தேவைப்பட்டது. பழைய ஏற்பாட்டையும் சேர்த்து முழு பைபிள் வர 1534 ஆனது. ஜெர்மானியர்கள் இன்று எழுதும் பொதுமொழி உருவானதில் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. மைக்கூட்டை வீசவில்லை. மையைக் காகிதத்தில் பயன்படுத்தினார்.

அந்த அலை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. லூதரின் வழிவந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர், டென்மார்க் மன்னரின் ஆதரவில், 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. வேதம் அவரவர் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று வார்ட்பர்க்கின் சிறு அறையில் எடுத்த முடிவு, 200 ஆண்டுகளுக்குள் சோழ மண்டலக் கடற்கரைக்கு வந்துவிட்டது.

ஆளுக்கொரு வர்ணம்

லூதருக்குப் பிறகு கோட்டை மெல்லச் சரிந்தது. 1777-ல் சில வாரங்கள் தங்கிய கவிஞர் கதே, பாழடைந்த சுவர்களைப் படம் வரைந்தார். மறுபடி கோட்டை கண்விழித்தது 1817 அக்டோபர் 18-ல். சீர்திருத்த இயக்கத்தின் 300-ஆம் ஆண்டையும் லைப்சிக்கில் நெப்போலியன் தோற்றதன் நாலாம் ஆண்டையும் கொண்டாடச் சுமார் 500 மாணவர்கள் ஊர்வலமாக மேலே வந்தார்கள். துண்டு துண்டாகக் கிடந்த ஜெர்மனி ஒரே நாடாக வேண்டும், மக்களுக்கு உரிமை வேண்டும் என்று முழங்கினார்கள். கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்கள் ஜெர்மன் கொடிக்கு வந்த வழியில் அந்த மாணவர் இயக்கத்துக்கு முக்கிய இடம் உண்டு.

அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. பக்கத்துக் குன்றில் தீ மூட்டி, தங்களுக்குப் பிடிக்காத நூல்களின் பெயர் எழுதிய காகிதக் கட்டுகளைச் சிலர் எரித்தார்கள். அவற்றில் சவுல் ஆஷர் என்ற யூத எழுத்தாளரின் நூல் ஒன்று. வெறிபிடித்த தேசியவாதத்தைக் கண்டித்த நூல் அது. சுதந்திர முழக்கமும் புத்தக நெருப்பும் ஒரே நாளில், ஒரே கூட்டத்தில். வழிகாட்டி நூல்கள் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடுவது வழக்கம்.

1838-ல் சாக்ஸ்-வைமர் இளவரசர் கார்ல் அலெக்சாண்டர் கோட்டையைப் புதுப்பிக்கத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் ஹூகோ ஃபான் ரிட்கன் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று தூரத்திலிருந்து பார்த்ததுமே ‘இடைக்காலம்’ என்று சொல்லவைக்கும் அந்த உயர்ந்த கோபுரம் 1850-களில் கட்டியது. சிலுவை வைத்த அதன் உச்சியைப் பார்த்து மெய்சிலிர்க்கிறவர்கள், கோபுரத்தைவிட அந்த ஊரின் ரயில்பாதை வயதில் மூத்தது என்பதை அறிவதில்லை. மேல்மாடியின் பிரம்மாண்டமான விழா மண்டபமும் அந்தக் காலத்து அலங்காரமே. அதில் பாடல் ஒலி சரியாகக் கேட்க இசைமேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் ஆலோசனை சொன்னார். 1867-ல் வந்து பார்த்த பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் மயங்கிப் போனார். உலகமே காலண்டரில் மாட்டி வைத்திருக்கும் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் பாடகர் மண்டபம் வார்ட்பர்க்கைப் பார்த்துச் செய்தது. அதாவது, நகலுக்கு நகல்.

அடுத்த வர்ணம் இருண்டது. 1939 மே 6-ல் இதே கோட்டையில், ஜெர்மன் சபை வாழ்க்கையிலிருந்து யூதச் செல்வாக்கை அகற்றுவதற்கென்றே ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கி வைக்கப்பட்டது. தொடங்கியவர்கள் நாஜிக் கட்சித் தொண்டர்கள் மட்டுமல்ல. புரோட்டஸ்டண்ட் சபைகளே முன்னின்றன. மறு ஆண்டு அந்த நிறுவனம் யூத அடையாளங்களைத் துடைத்தெடுத்த ஒரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. லூதர் புதிய ஏற்பாட்டை முடித்த குன்றின்மேல் தொடங்கிய நிறுவனம் செய்த காரியம் இது. லூதரே தன் கடைசிக் காலத்தில் யூதர்களுக்கு எதிராக நஞ்சு கக்கி எழுதியவர் என்பதால், அவர்களுக்கு மேற்கோள் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. இந்த வெட்கத்தை ஒப்புக்கொள்ளும் நினைவுச் சின்னம் ஒன்று ஐசனாக்கில் 2019-ல்தான் வைக்கப்பட்டது.

போருக்குப் பிறகு சோவியத் படை வந்தது. கோட்டையின் புகழ்பெற்ற ஆயுதக் கூடத்திலிருந்த நூற்றுக்கணக்கான கவசங்கள் லாரியேறிப் போயின. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசு 1952 முதல் 1954 வரை பலாஸின் 19-ஆம் நூற்றாண்டு ஒப்பனையை நிறையச் சுரண்டி எடுத்து, பழைய கல்லை வெளியே கொண்டுவந்தது. அந்த அரசுக்கு லூதரை என்ன செய்வது என்று நெடுநாள் தெரியவில்லை. 1525-ல் விவசாயிகள் எழுந்தபோது பிரபுக்களின் பக்கம் நின்ற துரோகி என்பதுதான் ஆரம்ப காலப் பாடம். 1983-ல் லூதரின் 500-ஆவது பிறந்தநாள் நெருங்கியது. வெளிநாட்டு விருந்தாளிகளும் வெளிநாட்டுப் பணமும் வரும். விழாக் குழுவின் தலைவர் கட்சித் தலைவர் ஹோனக்கரேதான். துரோகி மகா புருஷரானார். கீழே ஊரிலிருந்த தொழிற்சாலை தயாரித்த காருக்கும் ‘வார்ட்பர்க்’ என்றே பெயர். புகை கக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு பல ஆண்டுகள் ஓடிய அந்தக் காரின் கதை 1991-ல் முடிந்தது. அதற்குள் கிழக்கு ஜெர்மனியின் கதையும் முடிந்திருந்தது.

1999-ல் யுனெஸ்கோ வார்ட்பர்க்கை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 12-ஆம் நூற்றாண்டுக் கல்லுக்காக மட்டுமல்ல. அதன்மேல் 19-ஆம் நூற்றாண்டு கட்டிய கனவும் ஐரோப்பிய வரலாற்றின் பகுதிதான் என்ற கணக்கில்.

எதைப் பார்ப்பது?

கோட்டை ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. பலாஸைச் சுற்றிக் காட்ட வழிகாட்டிகள் உண்டு. அறை அறையாக நூற்றாண்டுகள் முன்னும் பின்னுமாகக் குதிக்கும் என்பதால் வழிகாட்டி இருப்பது நல்லது. பிறகு அருங்காட்சியகம். அங்கே அவசரமாகக் கடந்துவிடக் கூடாதவை இரண்டு சிறிய ஓவியங்கள். லூதரின் தந்தையையும் தாயையும் 1527-ல் லூகாஸ் கிரானாக் தீட்டியவை. சுரங்கத் தொழிலில் முன்னுக்கு வந்த அப்பாவின் சதைப்பிடிப்பான முகம், உழைத்து ஓய்ந்த அம்மாவின் இறுகிய உதடு. மகனைப் பற்றிய கட்டுக்கதைகள் எதுவும் சொல்லாததை அந்த இரு முகங்கள் சொல்லிவிடுகின்றன. கீழே ஊரில் லூதர் பள்ளிக்கூடம் போன காலத்தில் தங்கியதாகச் சொல்லப்படும் வீடும், 1685-ல் இதே ஊரில் பிறந்த இசைமேதை பாக்குக்கான அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒரு நாள் ஒதுக்கினால் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

கடைசியில் எல்லோரும் வந்து சேருவது அந்தச் சிறிய அறைக்குத்தான். கறை இல்லை என்றதும் சிலர் முகம் தொங்கிப் போகிறது. மேஜையைக் காட்டி ‘இதிலா எழுதினார்?’ என்று கேட்பவர்களுக்கும் இல்லை என்பதுதான் பதில். அப்படியானால் லூதர் தொட்டது இங்கே எதுவுமே இல்லையா?

தரையில் ஒன்று கிடக்கிறது. திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டு. லூதர் காலை வைத்துக்கொள்ள உதவியது என்று சொல்லப்படும் இதுதான், அவருடைய காலத்திலிருந்து இந்த அறையில் மிஞ்சியதாக நம்பப்படும் ஒரே பொருள். கல்போல இருப்பதால் யாராலும் சுலபமாகச் செதுக்கி எடுக்க முடியவில்லை. யாரும் அதற்கு வர்ணம் பூசவும் நினைக்கவில்லை. கதவருகே நின்று எட்டிப் பார்ப்பவர்களில் பலர் அதைக் கவனிக்காமலே, சுவரில் இன்னும் ஒருமுறை கறையைத் தேடிவிட்டுத் திரும்புகிறார்கள்.